ஒரே பல்கலைக்கழகம், பல பாடங்கள்: எத்தனை என்பதைவிட எந்த வரிசை என்பதே கேள்வி

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “மகள் ஏ லெவல் முடித்திருக்கிறாள். கணினியியல் படிக்க ஆசை. உளவியலும் பிடிக்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் தாதிமை பரவாயில்லை என்கிறாள். ஒரே பல்கலைக்கழகத்தில் மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாமா? நிறையப் பாடங்களைப் போட்டால் ‘இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை’ என்று ஒதுக்கிவிடுவார்களா? கஷ்டமான பாடத்தை முதலில் போட்டால் மற்றதும் கைவிட்டுப் போகுமா? இங்கிலாந்துக்கும் போடலாம் என்று பேச்சு. அங்கே ஒரே பல்கலைக்கழகத்தை இரண்டு தடவை போடலாமா?”

தாராளமாகப் போடலாம். இங்கே பல்கலைக்கழக விண்ணப்பமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. என்யூஎஸ்ஸுக்கு (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஒரு விண்ணப்பம், என்டியூவுக்கு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஒரு விண்ணப்பம், எஸ்எம்யூவுக்கு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) ஒரு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் பல பாடங்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையாக எழுதலாம். எத்தனை எழுதலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பப் படிவத்திலேயே அத்தனை கட்டங்கள் இருக்கும். மூன்று பாடம் எழுதியதற்காக யாரும் உங்கள் மகளைக் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. ஆனால் அந்த மூன்றையும் எந்த வரிசையில் எழுதுகிறாள் என்பது அவளுடைய அடுத்த நான்கு வருடங்களைத் தீர்மானிக்கும். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் ஜேசியில், அதாவது ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் தொடக்கக் கல்லூரியில், கணக்கு சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் மார்ச் மாதம் வந்தால் தெரிந்தவர்களின் பிள்ளைகள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஏ லெவல் முடிவு பிப்ரவரிக் கடைசியில் வரும். விண்ணப்பக் கெடு மார்ச் மூன்றாவது நான்காவது வாரத்தில் முடியும். இடையில் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள்தான். அதில் முதல் வாரம் மதிப்பெண்ணைப் பற்றிச் சந்தோஷப்படவோ அழவோ போய்விடும். அடுத்த வாரம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் யோசனை சொல்வார்கள். கடைசி இரண்டு நாளில்தான் பெரும்பாலான வீடுகளில் வரிசை எழுதப்படுகிறது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

முதலில் முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்களுக்கு ஜேஏஇ நினைவிருக்கும். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவலுக்குப் பிறகு ஜேசிக்கும் பாலிக்கும் (பலதுறைத் தொழிற்கல்லூரி) சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் எழுதினோமே, அது. அங்கே ஒரே கணினி எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும். கையில் வருவது ஒரே ஒரு இடம். பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. உங்கள் மகள் மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போட்டால் மூன்றிலிருந்தும் அழைப்பு வரலாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அவள் எழுதிய பல பாடங்களில் ஒன்றைத்தான் தரும். அது எது? அவள் இடம் பெறும் அளவுக்குப் போட்டியில் நிற்கும் பாடங்களில், பட்டியலில் மேலே இருப்பது எதுவோ அது. அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியவற்றை அந்தப் பல்கலைக்கழகம் பார்க்காது.

பிறகு, தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு இணையத்தளத்தில் போய், வந்த அழைப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது மே மாதம் நடக்கும். இரண்டு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆகஸ்டில் பார்க்கலாம் என்பது முடியாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். கஷ்டமான பாடத்தை முதலில் போட்டால் மற்றது போய்விடாது. கணினியியலுக்கு மதிப்பெண் போதவில்லை என்றால் அடுத்த வரியைப் பார்ப்பார்கள். உளவியல் அவளுக்குக் கிடைக்கக்கூடியது என்றால் இரண்டாவதாக எழுதியிருந்தாலும் கிடைக்கும். “உறுதியானதை முதலில் போடு, ஆசைப்பட்டதை இரண்டாவதாகப் போடு” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுதியானதை முதலில் போட்டால் அது உறுதியாகக் கிடைத்துவிடும். ஆசைப்பட்டதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இதைவிட மோசமான யோசனை இன்னொன்று இருக்கிறது. “மார்க்கை வீணாக்காதே” என்பது. நம் வீடுகளில் இதைக் கேட்காத பிள்ளை இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால், கட்-ஆஃப் குறைவாக இருக்கும் பாடத்தை எடுப்பது நஷ்டம் என்று நினைக்கிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமல் வருவதுபோல.

ஈசூனில் இருந்து ஒரு பையன் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தான். அவனுக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் மேல் உயிர். தண்ணீர் சுத்திகரிப்பு, நீர்த்தேக்கம், வடிகால் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். மதிப்பெண்ணும் நன்றாக வந்தது. அதுதான் சிக்கலாகிவிட்டது. “இவ்வளவு மார்க் எடுத்துட்டு இதுவா?” என்று வீட்டில் கணக்கியலை முதலில் போடச் சொன்னார்கள். அவனும் “எப்படியும் கிடைக்காது, போட்டுவைப்போம், அவங்க மனசும் நிறையும்” என்று போட்டான். கணக்கியல் கிடைத்துவிட்டது. பொறியியல் இரண்டாவது வரியில் அப்படியே இருந்தது. ஒரு வருடம் படித்தான். இரண்டாம் வருடம் தொடங்கும்போது என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, “சார், லெக்சர் ஹாலுக்குள்ள போனாலே மூச்சு முட்டுது” என்றான். பாடம் மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தான். கிடைத்தது, ஆனால் ஒரு வருடம் போனது போனதுதான். அன்றைக்கு அந்த ஒரு வரியை மேலே கீழே மாற்றியிருந்தால் போதும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் சந்தோஷமாகப் போய்ப் படிப்பேன் என்று சொல்ல முடியாத பாடத்தைப் பட்டியலில் எங்கேயும் எழுதக் கூடாது. கட்டம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பக் கூடாது. காலிக் கட்டத்துக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

வரிசையை எப்படி முடிவு செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் செய்யச் சொல்வது இது. வீட்டில் தினசரி நாள்காட்டி இருக்கும், கிழித்த தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு தாளில் ஒரு பாடம் என்று எழுதச் சொல்வேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். என்யூஎஸ் கணினியியல் வேறு தாள், என்டியூ கணினியியல் வேறு தாள். சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, இரண்டு தாள்களைக் கையில் கொடுத்து, “நாளைக்கு இந்த இரண்டும் கிடைத்துவிட்டது. எதை எடுப்பாய்?” என்று மட்டும் கேட்பேன். ஐந்து நொடிக்கு மேல் யோசிக்க விட மாட்டேன். எடுத்ததை மேலே வைப்பாள். அடுத்த இரண்டு. இப்படியே போனால் பத்து நிமிடத்தில் வரிசை வந்துவிடும். முடிந்ததும் கடைசித் தாளைக் கையில் கொடுத்து, “இது மட்டும்தான் கிடைத்தது. போவாயா?” என்று கேட்பேன். முகம் சுருங்கினால் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடுவோம். அடுத்த தாளுக்கும் அதே கேள்வி. பெற்றோர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது. உங்களால் முடியும் என்று நம்புகிறேன். முடியாவிட்டால் அந்தப் பத்து நிமிடம் கீழே காப்பிக்கடையில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது மதிப்பெண். 2026 சேர்க்கையிலிருந்து ஏ லெவல் புள்ளிக் கணக்கு மாறிவிட்டது. முன்பு 90 புள்ளிக்குக் கணக்கிட்டார்கள், இப்போது 70. மூன்று எச்2 பாடங்களும் (முழு அளவுப் பாடங்கள்) ஜிபி என்ற பொதுத்தாளும்தான் அடிப்படை. எச்2வில் ஏ என்றால் 20, பி என்றால் 17.5, சி என்றால் 15. ஜிபி எச்1, அதாவது பாதி அளவுப் பாடம் என்பதால் அதில் பாதி: ஏ 10, பி 8.75. திட்டப்பணிக்கு இப்போது தேர்ச்சி மட்டும் போதும், புள்ளி கிடையாது. நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், உயர்த்தாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

உங்கள் மகளின் மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. உதாரணத்துக்கு ஏ, ஏ, பி, ஜிபியில் பி என்று வைத்துக்கொள்வோம். 20ம் 20ம் 17.5ம் 8.75ம் சேர்ந்து 66.25. நான்காவது எச்1 பாடத்தில் சி என்றால் 7.5, அதைச் சேர்த்தால் மொத்தம் இறங்கும், அதனால் சேர்க்க மாட்டார்கள். எச்1 தமிழில் ஏ இருந்தால் 10 புள்ளி. 66.25ஓடு 10 சேர்ந்து 80க்கு 76.25 ஆகிறது, அதை 70க்கு மாற்றினால் ஏறக்குறைய 66.72. அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. பார்க்கச் சின்னதாகத் தெரியும். போட்டி நெருக்கமாக இருக்கும் பாடத்தில் அந்த அரைப் புள்ளிக்குள் பல பிள்ளைகள் நிற்பார்கள். தமிழை “எப்படியோ பாஸ் பண்ணினால் போதும்” என்று ஜேசி முதலாம் ஆண்டில் விட்டுவிடும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பாலியிலிருந்து வருபவர்களுக்கு 4.00க்கு எவ்வளவு ஜிபிஏ என்பதுதான் பிரதானம்.

இனி, போன வருட மதிப்பெண் பட்டியல். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் 10ஆவது சதமானம், 90ஆவது சதமானம் என்று இரண்டு எண் வெளியிடுகின்றன. நம் ஆட்கள் முதல் எண்ணை “கட்-ஆஃப்” என்று படிக்கிறார்கள். அது கட்-ஆஃப் இல்லை. இடம் கிடைத்தவர்களில் பத்தில் ஒருவர் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தார் என்று அர்த்தம். அதாவது, கொஞ்சம் குறைந்தாலும் வாசல் மூடிவிடவில்லை. ஆனால் மருத்துவம், சட்டம், கணினியியல் போன்றவற்றில் அந்தக் கீழ் எண்ணே ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் ஏ என்ற உயரத்தில் இருக்கும். அங்கே 66 புள்ளியோடு போவது துணிச்சலான காரியம்தான். போடக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் வரியில் போடட்டும், நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது மூன்றாவது வரியும் அதே உயரத்தில் இருந்தால் பட்டியல் முழுக்க விழுந்துவிடும். மேலே ஒன்றிரண்டு எட்டிப் பிடிக்க வேண்டியது, நடுவில் கைக்கு எட்டுவது, கீழே ஒன்றாவது நிச்சயம் என்று நம்பக்கூடியது, ஆனால் எல்லாமே படிக்க விருப்பமானது. அப்படி இருந்தால் நல்ல பட்டியல்.

கணினியியல் என்று உங்கள் மகள் சொல்வது எதை என்றும் கேளுங்கள். நிரல் எழுதுவதா, தரவைப் பார்த்து முடிவு சொல்வதா, பாதுகாப்பா, வணிகத்தில் கணினியைப் பயன்படுத்துவதா? என்யூஎஸ்ஸின் கணினிப் பள்ளியிலேயே கணினியியலோடு வணிகப் பகுப்பாய்வு, தகவல் பாதுகாப்பு எல்லாம் தனித்தனி வரிகள். என்டியூவில் 2024இல் கணினிக்கும் தரவறிவியலுக்கும் தனிக் கல்லூரியே வந்தது. எஸ்எம்யூவில் கணினியோடு சட்டத்தைச் சேர்த்துப் படிக்கும் பாடமும் இருக்கிறது. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் போட்டு ஏமாறுவதைவிட, அதே வேலைக்குப் போகக்கூடிய பக்கத்துப் பாடங்களைப் பட்டியலின் நடுவில் வைப்பது நல்லது. இரட்டைப் பட்டம் போடுவதென்றால் அது தனி வரி. அது கிடைக்காவிட்டால் தானாக ஒற்றைப் பட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள் என்று இருந்துவிடாமல், ஒற்றைப் பட்டத்தை அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்நிபந்தனை என்ன என்று பார்க்க வேண்டும். எச்2 கணக்கு கேட்கும் இடத்தில் அது இல்லாமல் போட்டால் அந்த வரி வீண்.

உளவியலுக்கு வருவோம். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. என்யூஎஸ்ஸில் கலை, சமூக அறிவியல் பிரிவும் அறிவியல் பிரிவும் சேர்ந்து மானுடவியல், அறிவியல் கல்லூரி என்று ஒன்றாக நடக்கின்றன. 2021 ஆகஸ்டில் முதல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதற்குள் போனால் எல்லாருக்கும் பொதுவான பாடங்கள் கொஞ்சம் இருக்கும். முதன்மைப் பாடத்தை உள்ளே போன பிறகு முடிவு செய்யலாம். உளவியல், பொருளியல், கணக்கு, உயிரியல், வரலாறு என்று பலவும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். “எனக்கு மூன்று பாடம் பிடிக்கிறது, ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது” என்று தவிக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் உள்ளே போய் எல்லாவற்றையும் நினைத்தபடி எடுத்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். சில முதன்மைப் பாடங்களுக்கு அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அதை இப்போதே படித்துவிடுங்கள்.

எஸ்யூடிடி (சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) இன்னும் ஒரு படி மேலே. அங்கே விண்ணப்பிக்கும்போது பாடமே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதல் மூன்று பருவங்கள் எல்லாரும் ஒன்றாகப் படித்துவிட்டுப் பிறகு துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணினியும் வடிவமைப்பும் சேர்ந்த துறை அங்கே இருக்கிறது. உங்கள் மகளுக்குக் கணினியும் பிடிக்கும், மனிதர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்பதும் பிடிக்கும் என்றால், அங்கேயும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்.

தாதிமை பற்றி நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். “கிடைக்காவிட்டால் தாதிமை பரவாயில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த “பரவாயில்லை” என்ற சொல் எனக்குக் கவலை தருகிறது. என் மனைவி மருத்துவமனையில் படுத்திருந்த இரண்டு வாரங்களில், இரவு மூன்று மணிக்கு வந்து அவளைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துவிட்டு, “ஆன்ட்டி, தண்ணி வேணுமா?” என்று கேட்ட பிள்ளையை நான் மறக்கவில்லை. அந்த வேலை பரவாயில்லை என்று வருகிறவர்களால் செய்ய முடியாதது. நேர்முகத்திலும் அது தெரிந்துவிடும். என்யூஎஸ்ஸில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, இசை, தாதிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. தேர்ந்தெடுத்தவர்களை நேர்முகத்துக்கோ தேர்வுக்கோ கூப்பிடுவார்கள். பல் மருத்துவத்துக்குக் கைவேலை எவ்வளவு நுணுக்கமாக வருகிறது என்றுகூடச் சோதிப்பார்கள். “ஏன் தாதிமை?” என்று கேட்கும்போது “எனக்கு மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும்” என்ற பதிலை அவர்கள் அன்றைக்கே இருபது தடவை கேட்டிருப்பார்கள்.

உங்கள் மகளுக்கு உண்மையிலேயே அந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்றால், கெடு முடிவதற்குள் ஒரு தாதியோடு அரை மணி நேரம் பேசட்டும். நம் சொந்தத்தில் யாராவது கட்டாயம் இருப்பார்கள். முடிந்தால் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு சனிக்கிழமை தொண்டு செய்யட்டும். வந்த பிறகும் பட்டியலில் வைக்க வேண்டும் என்று சொன்னால் வையுங்கள், அதுவும் கொஞ்சம் மேலேயே வையுங்கள். இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

பல பாடங்களைப் போட்டால் குழம்பிய பிள்ளை என்று நினைப்பார்களா என்ற கேள்வி இங்கேதான் கொஞ்சம் பொருந்தும். மதிப்பெண்ணை வைத்து மட்டும் சேர்க்கும் பாடங்களுக்கு நீங்கள் வேறு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது பிரச்சினையே இல்லை. ஆனால் நேர்முகம் இருக்கும் பாடத்தைக் கடைசி வரியில் போட்டுவிட்டு “இதுதான் என் கனவு” என்று சொன்னால் நம்புவது கஷ்டம். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தவர்களுக்குத் திறமை அடிப்படையிலும் சேர்க்கை உண்டு. அதற்கு சிறு கட்டுரைகள் எழுத வேண்டும், செய்த காரியங்களைப் பட்டியலிட வேண்டும். எஸ்எம்யூவிலும் நேர்முகம் முக்கியம். அந்த மாதிரி இடங்களில் எழுதுவது எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக வழவழ என்று இருந்தால் எடுபடாது.

கணினியியலும் உளவியலும் தாதிமையும் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் வெளியிலிருந்து மூன்று திசை மாதிரித் தெரியும். ஆனால் அவளிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல். பேசப் பேசத்தான் தெரிந்தது: அவளுடைய பாட்டிக்கு மறதி நோய். கடைசி இரண்டு வருடம் பாட்டியோடுதான் அவள் அறை. பாட்டிக்கு மருந்து நேரத்தை நினைவூட்ட ஒரு சின்னச் செயலியைத் தானே எழுதியிருக்கிறாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் குரல் தமிழில் வரும்படி பதிவு செய்திருக்கிறாள். இதை அவள் விண்ணப்பத்தில் எழுதவே இல்லை. “அது சும்மா வீட்டுக்குச் செய்தது சார்” என்றாள். அதை எழுத வைத்தேன். அந்த ஒரு பத்தி வந்ததும் அவளுடைய மூன்று பாடங்களும் ஒரே பிள்ளையின் மூன்று பாடங்களாகத் தெரிந்தன. உங்கள் மகளிடமும் ஏதாவது இருக்கும். அவள் “சும்மா செய்தது” என்று சொல்வதைத்தான் தேடுங்கள்.

இங்கிலாந்துக்கு வருகிறேன். அங்கே முறை வேறு. யூகாஸ் என்ற ஒரே அமைப்பு வழியாக மொத்தம் ஐந்து விருப்பங்கள். அதில் விருப்ப வரிசை கிடையாது. ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு பாடங்களை அந்த ஐந்தில் இரண்டாகப் போடலாம், தடையில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே வருடம் விண்ணப்பிக்கலாம், அதிலும் ஒரு பாடத்துக்குத்தான். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் போடுகிறவர்கள் அந்தத் துறையில் நான்கு இடங்களுக்கு மேல் போட முடியாது; ஐந்தாவதை வேறு பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

போடலாம் என்றாலும் நான் தயங்குவேன். காரணம், ஐந்து இடத்துக்கும் ஒரே தன்விளக்கக் கட்டுரைதான் போகும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஆனால் மொத்தம் 4,000 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. பொதுவாக நீங்கள் வேறு எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. ஆனால் ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு பாடங்களுக்குப் போட்டால் அது அவர்களுக்குத் தெரியும். கணினியியல் பேராசிரியர் படிக்கும் கட்டுரையில் பாதி உளவியலைப் பற்றி இருந்தால் அவர் என்ன நினைப்பார்? உளவியல் துறையும் அதையேதான் நினைக்கும். கணினியியலும் செயற்கை நுண்ணறிவும், அல்லது உளவியலும் நரம்பியலும் மாதிரி ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் பாடங்கள் என்றால் போடலாம். ஒரே கட்டுரை இரண்டுக்கும் பொருந்தும். இல்லாவிட்டால் ஐந்து வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் ஒரே மாதிரிப் பாடத்துக்குப் போடுவதுதான் நல்லது. கேட்ட மதிப்பெண் வராவிட்டால் அந்தப் பல்கலைக்கழகமே வேறு பாடத்தில் இடம் தருவதாகச் சொல்லும் வழக்கமும் அங்கே இருக்கிறது.

அப்புறம், “இப்போதைக்கு ஏதாவது ஒன்றில் நுழைந்துவிடு, உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். ஈசூன் பையனைப் பற்றி மேலே சொன்னேன். பாடம் மாற்றுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் அதற்கும் போட்டி உண்டு, முதல் வருட மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். பணமும் போகும். கல்வி அமைச்சின் கட்டண மானியத்தோடு படித்த பருவங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்; பாடம் மாற்றி அதனால் கூடுதலாகப் படிக்கும் பருவங்களுக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டி வரும். மானியம் இல்லாத கட்டணம் எவ்வளவு என்று பல்கலைக்கழகத் தளத்தில் பாருங்கள். பார்த்த பிறகு “மாற்றிக்கொள்ளலாம்” என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டீர்கள்.

பையன்களைப் பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசிய சேவைக்குப் போகும் முன்பே விண்ணப்பித்து இடத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சேவை முடியும்வரை அந்த இடம் காத்திருக்கும். இடையில் மனம் மாறினால் அடுத்த வருடச் சேர்க்கையில் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் சீருடையில் இருந்துவிட்டு வேறு பாடம் வேண்டும் என்று வரும் பையன்கள் நிறையப் பேர். அதனால் அவர்களுக்கு இந்த மார்ச் மாதமே உலகம் முடிந்துவிடாது. உங்கள் மகளுக்கு அந்தக் கூடுதல் காலம் கிடையாது என்பதால் இந்த மூன்று வாரத்தில் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

விரும்பியது கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். கீழே எழுதிய பாடம் கிடைத்திருந்தாலும் மேலே எழுதியதற்கு முறையிட வழி உண்டு. ஆனால் “என் மகள் நன்றாகப் படிப்பாள்” என்று எழுதினால் பலன் இல்லை. விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட புது விவரம் ஏதாவது இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: இந்த வார இறுதியில் தாள்களை மேசையில் பரப்புங்கள். திங்கட்கிழமைக்குள் முன்நிபந்தனைகளைச் சரிபாருங்கள். கெடு முடியும் கடைசி இரவு வரை வைத்திருக்காதீர்கள். கெடு முடிந்த பிறகு வரிசையை மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானை அவளே அழுத்தட்டும். அதற்குப் பிறகு தினமும் மின்னஞ்சல் பார்க்கச் சொல்லுங்கள், குப்பை அஞ்சல் பகுதியையும் சேர்த்து. நேர்முக அழைப்பு அங்கே போய் விழுந்து, மூன்று நாள் கழித்துப் பார்த்துப் பதறியடித்து ஓடி வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்ணையும் அவள் எழுதிய வரிசையையும் எனக்கு அனுப்புங்கள். தாதிமை எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.